சும்மா அக்கரைக்குப் போனோம்

சண்டைக் காலத்தில் நான் பயணக் கதைகளாகவே தேடிப் படித்தேன். எங்கள் களுதாவளையில் இருந்து வாவியின் அக்கரைக்குப் போகவே காரணம் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்ததால், நகரத்து வாசிகசாலையில் ஆங்கிலப் புத்தகங்கள் எடுத்து வருவேன். அண்ணனின் மனைவி, என் வயதுக்காரியான மச்சாள், பக்கத்து வளவு வீட்டில் இருந்தாள்; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். பின்னேரங்களில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, படித்ததைத் தமிழில் சொல்வேன்.

எந்த எழுத்தாளன் தேறுவான் என்று தீர்மானித்தது மச்சாள்தான். போன இடத்துச் சனத்தைப் பார்த்துச் சிரிக்கிறவனை அவளுக்குப் பிடிக்காது. "இவர் ஆரு பெரிய துரை? திருப்பிக் குடு மச்சாள்" என்பாள். எல்லா மலையிலும் வென்றுவிட்டு வருகிறவனும் வேண்டாம். ஒருவன் ஓட்டை லொறியில் பாலைவனம் கடக்கப் போனான். ஊர்த் தலைவர் என்று நினைத்து முடி வெட்டுகிறவரை வணங்கிப் பரிசும் கொடுத்துவிட்டு, அதைத் தானே சிரித்து எழுதியிருந்தான். அவன் கதையை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன்தான் கண்டதை உள்ளபடி எழுதுவான் என்பது எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது.

அந்தக் கதை முடிந்த அன்று மச்சாள் கேட்டாள்.

"நாமளும் ஒரு இடம் போனா என்னகா?"

"எங்க?"

"மண்டூருக்கு. அக்கரையில, கண்ணுக்கு முன்னால கிடக்கு. எத்தின வருசமாப் போகல்ல."

அண்ணனுக்குக் கோபம். "ஆஸ்பத்திரி, செத்தவீடு எண்டாத்தான் சனம் இப்ப வெளிக்கிடுது. உங்களுக்கு உலாத்தல் கேக்குதோ?" பிறகு குரலைத் தணித்து, "போறதெண்டா மண்டூர்க் கோயிலுக்கு எண்டு சொல்லுங்க. விட்டுருவாங்கள்" என்றார்.

"நாங்க கோயிலுக்குப் போகல்லயே" என்றேன்.

ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். சனிக்கிழமை காலை, பாதை புறப்படும் குருமண்வெளித் துறைக்குப் போனோம். காவலரணில் நின்ற ஆமிக்காரர், "எங்க போறது? என்ன வேலை?" என்றார்.

"வேலை இல்ல. சும்மா ஊர் பாக்க."

அவர் நம்பவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வளவு வந்ததும், "கோயில் எண்டு ஒரு சொல்லுத்தானே கா" என்றாள் மச்சாள்.

"நம்மட வாவி. அதைக் கடக்க நான் ஏன் பொய் சொல்லணும்?"

அடுத்த சனிக்கிழமை மச்சாள் புட்டு அவித்துக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். காவலரணில் என்னை முந்திக்கொண்டு அவளே சொன்னாள், "சும்மாதான் போறம்."

ஆமிக்காரர் பையைக் கிளறினார். லொறிக்காரனின் புத்தகம் அகப்பட்டது. மணலில் புதைந்த லொறிக்கு அடியில் இருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் படத்தில் அவர் கை நின்றது. மற்றவரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னார்.

அக்கரை இயக்கப் போராளிகளின் கையில் இருந்தது. அங்கே தோளில் துவக்கு மாட்டிய ஒரு பிள்ளை நின்றாள். என்னிடம் படிக்கிற வயதுதான். "ஆரப் பாக்க வந்தீங்க?" என்றாள்.

"ஒருத்தரையும் இல்ல. ஊரப் பாக்க."

"ஊருல என்ன கிடக்கு பாக்க?"

"பாத்தாத்தானே தெரியும்" என்றாள் மச்சாள்.

எங்களை மரத்தடியில் இருத்திவிட்டு யாரையோ கேட்டுவர ஆளனுப்பினாள். காரணம் இல்லாமல் வரும் இரண்டு பெண்களை என்ன செய்வது என்று இரண்டு கரையிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. மத்தியானம் ஆனபோது, "பொழுதுபட முன்னம் திரும்பிருங்க" என்று விட்டாள்.

வயல் வட்டையில் கண்ணுக்கெட்டிய வரை நெல் நின்றது. வரம்பில் குந்தியிருந்து புட்டைத் தின்றோம். எருமைக் கன்றொன்றைத் தடவப் போன மச்சாளைத் தாய் எருமை துரத்தியது. செருப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வாய்க்காலில் விழுந்து இடுப்பளவு சேற்றோடு எழும்பினாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாதை ஓடாமல் நின்றுபோகும் வரை இன்னும் பல தடவை போனோம். சில நாள் விட்டார்கள், சில நாள் திருப்பினார்கள். நாங்கள் ஒருமுறைகூட வேறு காரணம் சொல்லவில்லை. பாதை நின்ற பிறகு மச்சாள், இன்னும் எத்தனையோ காவலரண்களுக்கு அப்பால் வடக்கே கிடக்கும் வாகரைக்கு எந்த பஸ் போகிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள்.