பூசத்தில் பழுத்த திராட்சை

எங்கள் ஊரான தேர் ரூஜில் எல்லோரும் கரும்பு வைத்த காலத்தில் என் வீட்டுக்காரர் திராட்சை வைத்தார். அண்ணன் தம்பிக்குப் பொதுவான நிலம் அது. "திவேன் நல்லா வந்தா கொடி இருக்கட்டும். இல்லேன்னா வெட்டிட்டுக் கரும்புதான்" என்று அவருடைய அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் பேச்சில் திராட்சை மதுவுக்குத் திவேன் என்று பெயர்.

விடிந்ததும் என் வீட்டுக்காரர் பந்தலுக்கடியில் போய் நிற்பார். மலைப்பக்கமிருந்து தூறல் வந்து போகும். பின்னாலேயே போகும் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்து நின்றுவிடுவேன். இலைகளுக்குள் வெளிச்சம் பச்சையாக இறங்கும் அந்த நேரம் இப்போதும் கனவில் வருகிறது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"பொண்டாட்டிய ஒருநாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்பேன். சிரிப்பார்.

கொடி காய்த்தால் வருஷாவருஷம் காவடி எடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டார். காய்த்தது. இந்தத் தீவில் அது எந்த மாதம் பழுக்கும் என்று அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. தைப்பூசத்துக்குக் கொடியேற்றும் சமயத்தில் குலைகள் கருத்து நின்றன. விட்டால் கொண்டைக்குருவிகள் தின்றுவிடும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பறித்து, காலால் மிதித்து, சாற்றை ஜாடியில் ஊற்றிக் கொட்டகையில் வைத்தோம்.

தினமும் ருசி பார்க்க வேண்டும், இனிப்பு அடங்கியதும் காற்றுப் புகாமல் மூட வேண்டும் என்று போர்ட் லூயிஸில் மது விற்கும் புதுச்சேரிக்காரர் சொல்லியிருந்தார். கொடியேற்றியதிலிருந்து பூசம் வரை காவடிக்கு விரதம். விரத வீட்டில் மதுவை யார் ருசி பார்ப்பது? தம்பிக்காக அண்ணன் வீட்டிலும் விரதம். சாறு பாட்டுக்கு நுரைத்துக்கொண்டிருந்தது. மத்தியானங்களில் அதன் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண் சொருகும்; அது பசியா வாசனையா என்று தெரியாது. ஜாடிப் பக்கமே அவர் போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பூசத்தன்று நாக்கில் வேல் குத்திக் காவடி எடுத்தார். மறுநாள் அண்ணன் கரும்பு வெட்டும் கத்தியோடு வந்தார். ஜாடியைத் திறந்ததுமே நெடி மூக்கில் ஏறியது. எல்லாம் புளித்துக் காடியாகியிருந்தது.

அண்ணன் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாக்கு வீங்கிப் பேச முடியாத என் வீட்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொடிகள் மேல் எனக்கும் அவ்வளவு ஆசை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் வீங்கிய வாயைப் பார்த்தார்.

"அடுத்த பூசத்துக்கு நான் காவடி எடுக்குறேன் தம்பி. நீ விரதம் இருக்க வேணாம். வீட்டுல இருந்து திவேன ருசி பாரு."

ஊசியைக் கண்டாலே முகம் வெளுத்துப்போகிற மனிதர் அவர். நான் அழுதுவிட்டேன்.