ஜெயக்கொடி அனுப்பிய மாட்டுப் படங்கள்

கொட்டாம்பட்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு 2002இல் இன்டர்நெட் வந்தது. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய பஸ் இன்னும் வரவில்லை. கிராமத்து வறுமையை ஒழிக்கப் போகிறோம் என்று நாலு பேர் ஜீப்பில் வந்தார்கள். பன்னிரண்டாவது பாஸான ஜெயக்கொடியைப் பிடித்து, மதுரையில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அவள் வீட்டு முன்னறையில் கேமராவோடு ஒரு கம்ப்யூட்டரையும் மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனாவையும் வைத்துவிட்டுப் போனார்கள். வறுமை அது பாட்டுக்கு இருந்தது.

ஜெயக்கொடி என் தம்பி பெண்டாட்டி. அதனால் அவளைத் திட்டவும் எனக்கு உரிமை உண்டு. எதையும் நம்பினால் முழுசாக நம்பிவிடுவாள். நம் கண்ணுக்குத் தெரியாததும் கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்று மதுரையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதையே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் முதல் இரண்டு மாதம் ஜாதகம் பார்க்க வந்தவர்களைத் தவிர வேறு ஆளே வரவில்லை.

அப்போதுதான் அழகம்மாளின் மாடு தீவனம் எடுக்காமல் நின்றது. அழகம்மாளுக்குப் புருஷனும் இல்லை, நிலமும் இல்லை. அந்த மாட்டுப் பாலில்தான் அடுப்பும் எரிந்தது, மகள் அஸ்வினியும் படித்தாள். மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பியவளை ஜெயக்கொடி வழிமறித்தாள். சீக்கு மாட்டை அம்புட்டுத் தூரம் நடத்த வேண்டாம், படம் அனுப்பினால் மதுரை டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று திருப்பிக் கூட்டி வந்தாள்.

கேமரா ஒயர் இரண்டு முழம்தான். மாடோ வாசற்படி ஏற மாட்டேன் என்றது. கடைசியில் கம்பியில்லாத ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் உள்ளே விட்டு நிறுத்தினார்கள். படம் என்றால் சும்மாவா? மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவியிருந்தாள் அழகம்மாள். வாயில் ஒழுகிய எச்சிலை முந்தானையால் துடைத்தாள். மதுரை வரைக்கும் போகிற படம், எத்தனை பேர் கண் படுமோ என்று கன்னத்தில் கட்டைவிரலால் ஒரு மைப்பொட்டும் வைத்தாள். ஜெயக்கொடி படத்தை அனுப்பி, மாடு தின்னவில்லை என்று கீழே எழுதினாள்.

டாக்டர் பெயர் விஜய்ஆனந்த். இடது கன்னத்துக் கறுப்புப் புண் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டு மறுநாள் பதில் வந்தது. ஜெயக்கொடி ஓடிப்போய் மாட்டின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். புண்ணையும் காணோம், காலையில் மறுபடி குளிப்பாட்டியதில் பொட்டும் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத புண்ணைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. இன்னொரு படம் அனுப்பினாள். இந்தத் தடவை மாடு மறுபக்கம் திரும்பி நின்றதால் அழகம்மாள் வைத்த பொட்டு வலது கன்னத்தில் விழுந்தது. மூன்றாம் நாள் அழகம்மாளுக்குப் பயம் கூடிப்போய், நெற்றியில் பெரிதாக ஒன்று அப்பினாள். அந்தப் படமும் போனது.

அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. புண் இடம் மாறி மாறிப் பரவுகிறது, இப்படி ஒரு நோயைப் பார்த்ததே இல்லை, மற்ற மாடுகளை அண்ட விடக் கூடாது, பாலை விற்கக் கூடாது, நாளைக் காலையில் நானே வருகிறேன் என்று எழுதியிருந்தார். செய்தி பரவியதும் அழகம்மாள் வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. ஜெயக்கொடி எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதாள். பேசாமல் அன்றைக்கே நடந்து போக விட்டிருந்தால் மாடு பிழைத்திருக்குமே, மூன்று நாளை நானே பாழாக்கிவிட்டேனே என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

காலையில் டாக்டர் கையுறை, முகமூடி சகிதம் வந்து இறங்கினார். ஊரே தள்ளி நின்று பார்த்தது. டாக்டர் வருகிறார் என்று அன்றைக்கும் மாட்டுக்குப் பொட்டு வைத்திருந்தாள் அழகம்மாள். அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மெல்லத் துடைத்தார். புண் பஞ்சோடு வந்துவிட்டது. பஞ்சை முகர்ந்து பார்த்தார். முகமூடியைக் கழற்றினார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வந்ததுதான் வந்தோம் என்று மாட்டின் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டார். நாக்குக்கு அடியில் சீமைக்கருவேல முள் ஒன்று விரல் நீளத்துக்கு ஏறிச் சீழ் வைத்திருந்தது. பிடுங்கி, மருந்து வைத்து, ஊசி போட்டார். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் மாடு தப்பியிருக்காது என்றார். ஜெயக்கொடி ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மாடு அதை உறிஞ்சத் தொடங்கியது.

அதற்கப்புறம்தான் டாக்டருக்குக் கோபம் வந்தது. இருபத்தேழு ஊருக்கு நான் ஒருத்தன், எல்லாம் படத்தைப் பார்த்து மருந்து சொல்லத்தான் இந்த ஏற்பாடே, இனிமேல் பொட்டு வைத்து ஒரு படம் வரக் கூடாது என்று ஜெயக்கொடியைப் பிடிபிடியென்று பிடித்தார். அழகம்மாள்தான் பேசினாள்.

"பொட்டு வைக்காம அனுப்பியிருந்தா நீங்க வந்திருப்பீகளாய்யா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு, வேறு யார் வீட்டு மாட்டுக்காவது சுகமில்லையா என்று கேட்டார்.