கனவு ஒடித்த விலா எலும்பு

சிறைக்காவலன் மார்சியால் செனாய்டாவுக்குக் கடன்பட்டிருந்தான். புகைமீன் வாங்கித் தின்ற கடன். நவோட்டாஸ் ஊர் மீன் சந்தையில் கூடை சுமந்து, மூன்று கடை பிடித்தவள் செனாய்டா. அவளை ஏமாற்றிவிட்டுப் போனவன் அந்தச் சந்தையிலேயே கிடையாது. ஆனாலும் மார்சியாலிடம் மட்டும் ஐந்து வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்கக் கேட்க மீன் கொடுத்தாள். அவன் காவலில்தான் அவள் மகன் டெல்ஃபின் செத்தான். கடனைக் கேட்டால் ஆள் வேறு சந்தைக்குப் போய்விடுவான். அவன் அவள் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

"தூக்கத்துல கெட்ட கனவு அமுக்கிருச்சுக்கா. நம்ம ஊரு ஆம்பளைங்க அப்படிப் போறது புதுசா என்ன?" என்று அன்றைக்குச் சொன்னவனே அவன்தான். சிறை டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

கல்லறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று செனாய்டா கோர்ட்டுக்குப் போனாள். சிறைக்காரர்கள் எதிர்த்தார்கள், மனு தள்ளுபடி. சரி, இருக்கட்டும் என்று திரும்பிவிட்டாள். சுவரில் அடுக்கடுக்காக இருக்கும் கல்லறை மாடங்களுக்கு ஐந்து வருஷம்தான் வாடகை. புதுப்பிக்காவிட்டால் மாடத்தை உடைத்து எலும்பைச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு எந்தக் கோர்ட்டு உத்தரவும் வேண்டாம்.

தவணை முடிந்தது. அவள் பணம் கட்டவில்லை.

"மூணு கடை வெச்சிருக்கா, பெத்த புள்ள குழிக்குக் காசில்லையாம்!" என்று சந்தையே சிரித்தது.

மார்சியால் ஓடிவந்தான். "நான் கட்டுறேன்க்கா. பாவம், புள்ள தூங்கட்டும்."

"பெரிய தர்மப்பிரபு! மொதல்ல தின்ன மீனுக்குக் கட்டுடா."

மாடத்தை உடைத்த அன்று வெள்ளைத் துணியோடு நின்றாள். பக்கத்தில், அரசாங்கச் சம்பளம் வாங்காத மனித உரிமைக் குழுவின் டாக்டரம்மா. எலும்புகளைக் கழுவி, மேஜைமேல் ஆள் வடிவத்தில் அடுக்கிப் பார்த்தார். இடப்பக்கம் ஐந்து விலா ஒடிந்திருந்தது. எலும்பு மறுபடி ஒட்டத் தொடங்கிய தடயமே இல்லை.

"சாகுற நேரத்துல ஒடிஞ்சதும்மா. மிதிச்சிருக்காங்க."

அழவில்லை செனாய்டா. "ஓகோ, கனவு பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்துச்சா?" என்றாள்.

டாக்டரம்மாவின் அறிக்கை வந்ததும், டெல்ஃபினோடு ஒரே அறையில் கிடந்து விடுதலையானவர்களுக்கு வாய் வந்தது. மிதித்தவன் மார்சியால் என்று குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். வழக்கு பாய்ந்தது. அவன் சாவி சுழற்றிய சிறையிலேயே அவனைப் பூட்டினார்கள்.

அடுத்த பார்வையாளர் நாளில் செனாய்டா கம்பி முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். உள்ளே மற்றக் கைதிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"மூவாயிரத்து இருநூறு பெசோ."

"அக்கா, வக்கீலுக்கு வெச்சிருக்கிற காசுக்கா… அப்புறமா தர்றேன்."

"அப்புறமாவா? இங்க ராத்திரியில ரொம்பக் கெட்ட கனவு வருதாமே தம்பி. உசுரோட இருக்கையிலேயே குடுத்துரு."

மார்சியால் அந்தக் கைதிகளைத் திரும்பிப் பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணி, கம்பிக்கு வெளியே விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் வைத்தான்.