எங்கள் போர்டிகோவில் ஒரு பெருசு

கே.கே. நகரில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் ஒன்பது மாதம் ஒரு கார் அசையாமல் நின்றது. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. பால் போடுகிறவர்கூட, "டீச்சர், எப்ப எங்கள ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்.

பரவையில் ஒரு குடோனுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தேன். பின் சீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்த கார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, வயரைத்தான் எலி தின்றுவிட்டது என்றார் விற்றவர். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். வருடம் முழுக்கக் கரும்பலகையில் மின்சுற்று வரைகிற எனக்கு ஒரு காருக்கு வயர் மாட்டத் தெரியாதா என்று ஒரு திமிர். கோழி குஞ்சு பொரித்து இறங்கும்வரை காத்திருந்து வாங்கி வந்தேன்.

என் கணவர் அதற்கு 'பெருசு' என்று பெயர் வைத்தார். தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும், "ஒன் பெருசு எந்திரிச்சிருச்சா?" என்பார். பெருசு வந்ததிலிருந்து அவருடைய ஸ்கூட்டர் வெளியே மழையில் நனைந்தது. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது, நியாயம்தான். ஆனால் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வயராக உருவி, புதிதாக இழுத்து, எது எங்கே போகிறது என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ஒருநாள் ஹார்னை அழுத்தினால் வைப்பர் ஆடியது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்குக் காபியில் சர்க்கரை போடவில்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டோம். விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். இல்லையென்றால் கோச்சடையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் சாய்ந்து நின்று போட்டோ எடுக்க வாசலில் நிறுத்தப் போகிறாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், மிச்சமிருந்த ஒரே வேலையைச் செய்து முடித்தேன். பாயிண்ட் என்று ஒன்று உண்டு. மிளகு அளவில் இரண்டு உலோகக் குமிழ்கள். அவை தொட்டுத் தொட்டுப் பிரிந்தால்தான் எஞ்சினுக்குப் பொறி கிடைக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். ஆசை தாங்காமல் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுதாங்க உயிரு. இது சரியா இருந்தா வண்டி ஓடிரும்."

"இம்புட்டூண்டு சாமானா?" என்று குனிந்து பார்த்தார்.

மறுநாள் பூஜை. ஸ்பேனர், ஸ்குரூடிரைவர் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் போய்விட்டன. மறு பூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது, எந்த வேலையும் பார்க்கக் கூடாது. அதனால், அவருக்குக் காட்டிவிட்டுத் திறந்தபடியே விட்டிருந்த பாயிண்ட்டின் மூடியைக்கூட மாட்டவில்லை. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருக்க, வண்டிகளுக்குச் சந்தனம் வைக்கிற வேலையை அவர் பார்த்தார்.

விஜயதசமி காலை ஆறு மணிக்கு மறு பூஜையை முடித்து, அரை இருட்டில் அவசரமாக மூடியை மாட்டினேன். அவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னேன். எஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. பொறி வருகிறதா என்று பார்த்தேன். சுத்தமாக இல்லை. பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலைப் புதிதாக வாங்கியிருந்தேன், அதன் மேல் சந்தேகம் வந்தது. அதை விற்ற கடைக்கார எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டு, "அண்ணே, செத்த காயிலையா என் தலையில கட்டுனீங்க?" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் நிதானமாக, "டீச்சர், பாயிண்ட்டப் பாத்தீங்களா?" என்றார்.

"அத நானே சுத்தம் பண்ணுனேண்ணே. அதுல ஒண்ணும் இருக்காது."

பழைய காயிலைத் திரும்ப மாட்டினேன். அதிலும் பொறி இல்லை. மணி எட்டரை ஆகிவிட்டது. அப்போதுதான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். "நீங்க ஏதாச்சும் வயரப் புடுங்கி விட்டீங்களா? ஒங்களுக்குத்தான் போர்டிகோ வேணுமே."

அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. "நானா?" என்றார்.

வேறு வழியில்லாமல் பாயிண்ட்டின் மூடியைத் திறந்தேன். அந்த இரண்டு குமிழுக்கும் நடுவில், காய்ந்து கெட்டிப்பட்டு, அழகாகச் சந்தனம். அதன் மேல் கச்சிதமாக ஒரு துளி குங்குமம்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நீதான சொன்ன, இதுதான் உயிருன்னு. அங்க வைக்காம வேற எங்க வைக்க? எப்படியாச்சும் ஓடிரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வச்சேன்."

"வண்டி ஓடக் கூடாதுன்னு நீங்க நெனக்கிறதால்ல நான் நெனச்சேன்."

"ஸ்கூட்டரு நனைஞ்சா தொடச்சுக்கலாம். இத அந்தாளு தூக்கிட்டுப் போனா நீ மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு அலைவ. அதை யாரு பாக்குறது?"

வெட்கமாக இருந்தது. ஒன்பது மாதமாக அவர் சிரித்ததை மட்டும்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவரும் சிரித்தார். குனிந்து, முதலில் ஈரத்துணியாலும் பிறகு உப்புத்தாளாலும் அவருடைய வேண்டுதலைத் துடைத்தெடுத்தேன். பானெட்டில் வைத்திருந்த பொட்டை மட்டும் தொடவில்லை.

வாசலில் கோச்சடைக்காரரின் வண்டி, இழுத்துப் போகக் கயிற்றோடு வந்து நின்றது. ஒன்பதாக ஐந்து நிமிடம்தான் இருந்தது. என் கணவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தார். பெருசு ஒருமுறை இருமியது, இன்னொருமுறை இருமியது, பிறகு தெருவே திரும்பிப் பார்க்க உறுமத் தொடங்கியது.

கோச்சடைக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி கேட்டருகே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, ஒங்க வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க. நாங்க வெளிய போகணும்."

சொல்லிவிட்டு, அவருக்கு அந்த கியர் போடத் தெரியாது என்பதால், எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.