இரண்டு ஏக்கர் வயலும் ஒரு கண்ணும்

இரண்டு வருடங்களாக என் வலக்கண்ணில் விடிகாலைப் பனி விலகவேயில்லை. நிந்தவூர்க் கடற்கரையில் நின்றால் கடலும் வானமும் ஒரே சாம்பல் துணியாக அசையும். இடக்கண்ணும் மங்கத் தொடங்கியது. ஆனாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியின் கண்புரை ஒப்பரேஷனுக்குப் பள்ளிவாசலில் ஏழைகளுக்கென்று சேர்க்கும் ஸகாத் நிதியில்தான் வில்லை வாங்கினார்கள். அதனால் இலவச ஒப்பரேஷன் எல்லாமே ஸகாத் என்று நினைத்துவிட்டேன். எனக்கோ வாப்பா தந்த இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. ஏழைகளின் பங்கை எடுக்கலாமா? யாரிடமும் கேட்கவும் வெட்கம்.

ஒருநாள் பானையென்று நினைத்து நெருப்பில் கைவைத்தேன். மகள் என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

கண் கிளினிக்கில் பெயர் எழுதிய தாதியிடம் மெதுவாகச் சொன்னேன்:

"மிஸ்ஸி, எனக்கு ரெண்டேக்கர் வயல் இரிக்கு. சும்மா செஞ்சா ஹறாமில்லையா?"

அவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ராத்தா, நாங்க வெட்டப் போறது வயலையா, கண்ணையா? இது ஸகாத் இல்ல. எல்லாருக்கும் உள்ள ஆஸ்பத்திரி."

ஒப்பரேஷன் முடிந்து கண் கட்டவிழ்த்த மறுநாள் கடற்கரைக்குப் போனேன். கடல் ஓரிடத்தில் முடிந்தது. வானம் அங்கே தொடங்கியது. வெகுநேரம் அந்தக் கோட்டினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது யாராவது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், வாய் திறக்கவே கூசும் நான் கிட்டப் போய்க் கேட்கிறேன்: "கிளினிக்குக்குப் போனீங்களா?"