ராணியின் குட்டிகள்

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேக புத்தி அதிகம். பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறாரா என்று விரலை விட்டுப் பார்ப்பேன். அப்பா வேலை முடிந்து தாமதமாக வந்தால் சட்டையை முகர்ந்து, எனக்குத் தெரியாமல் எங்கே பரோட்டா தின்றார் என்று விசாரிப்பேன். வீட்டில் எனக்கு 'மாத்தா' என்று பெயர். அந்தக் காலத்தில் மலாய் மொழியில் போலீஸ்காரரை 'மாத்தா மாத்தா' என்பார்கள். அதில் பாதியை எடுத்து எனக்குச் சூட்டிவிட்டார்கள். நானும் அதைப் பட்டம் மாதிரிதான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

நான்காம் வகுப்பு ஆண்டிறுதி விடுமுறையில் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒரு முழுக் குடும்பம் கைகால் நீட்டிப் படுக்கக் கட்டிய வீடல்ல. அதில் ஈப்போவிலிருந்து பெரியம்மாவும் வந்து இறங்கினார், இரண்டு பை நிறைய பூண்டோடும் மருந்துச் சரக்கோடும். வந்த நாளிலிருந்து சட்டம் போட்டார். அம்மா குனியக்கூடாது, பச்சைத் தண்ணீரைத் தொடக்கூடாது, வாசலில் நின்று காற்று வாங்கக்கூடாது. காலையில் சுறாப்புட்டு, மாலையில் பூண்டுப் பால். பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்காரி, அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்க வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே பேச்சு. என்னை யாரும் எதிலும் வைத்துத் தாங்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, பொய் சொல்வானேன்.

குழந்தையைப் பார்க்க வந்த மாமா, அம்மாவின் தம்பி, என் முகம் தொங்கிக் கிடந்ததைக் கவனித்துவிட்டார்.

"மாத்தா, எங்க வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இரு. போறப்ப ஒரு நாய்க்குட்டி தரேன். ஒனக்கே ஒனக்கு."

அந்த 'ஒனக்கே ஒனக்கு' என்ற சொல்லுக்காக நான் அன்றைக்கு எங்கே வேண்டுமானாலும் போயிருப்பேன். கிள்ளானுக்கு அப்பால் மேரு என்ற ஊருக்குப் போனேன்.

மாமா முன்பு துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை விட்டுவிட்டு பொமரேனியன் நாய்க்குட்டி விற்க ஆரம்பித்தார். வாரக் கடைசியில் பேப்பரில் சின்னதாக ஒரு விளம்பரம் வரும். பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் காரில் வருவார்கள். வருகிறவர்களிடம் மாமா முதலில் சொல்வது ஒன்றுதான். "தாயைப் பார்த்துட்டு வாங்குங்க. எங்கிட்ட ஒளிவு மறைவு கிடையாதுலா."

அந்தத் தாய்தான் ராணி. கூடத்தில் பாய் விரித்து, பக்கத்தில் பிரம்புக் கூடையில் குட்டிகளோடு உட்கார்ந்திருக்கும். வெள்ளை வெளேர் என்று பஞ்சு மாதிரி முடி. கார் சத்தம் கேட்டதும் அத்தை ஓடிவந்து அதன் கழுத்தில் பவுடர் தூவி, சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார். வந்தவர்கள் ராணியைத் தடவுவார்கள், ராணி கையை நக்கும், குட்டி விற்றுப்போகும். முதல் நாள் நானும் ராணியிடம் மயங்கித்தான் போனேன். இரண்டாம் நாள் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

குட்டிகள் பசியில் கத்தும்போது ராணி திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு குட்டி கூடையை விட்டு ஏறி வந்து அதன் வயிற்றில் முட்டினால், எழுந்துபோய் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அதன் வயிறும் ஒட்டித் தட்டையாக இருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட தெருநாயை நான் பார்த்திருக்கிறேன், அதன் மடி தரையைத் தொடும். அம்மாவையும் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பால் கொடுக்கிறவர்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வாரம் வெள்ளைக் குட்டிகள் எல்லாம் விற்றுப்போயின. மறுநாள் கூடையில் பழுப்புக் குட்டிகள் இருந்தன.

"இது யாரோட குட்டி அத்தை?"

"ராணி குட்டிதான். வேற யாரோடது?"

"அது போன வாரந்தானே வெள்ளையா போட்டுச்சு?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "போய் விளையாடு போ. வந்த எடத்துல நோண்டி நோண்டிக் கேட்டுக்கிட்டு."

விளையாடவா போவேன்? அம்மாவுக்கு ஒரு குழந்தை பிறக்க எங்கள் குடும்பமே மாதக்கணக்கில் காத்திருந்தது. ராணி மட்டும் வாரத்துக்கு ஒரு நிறத்தில் பெற்றுப்போடுகிறது என்றால் எந்த மாத்தாவால் நம்ப முடியும்?

வீட்டுக்குப் பின்னால், வாழை மரங்களைத் தாண்டி, தகரம் போட்ட நீளமான கொட்டகை ஒன்று இருந்தது. எப்போதும் பூட்டுத் தொங்கும். உள்ளே காலையிலிருந்து இருட்டும் வரை ரேடியோ அலறும். கேட்டதற்கு, கோழி வளர்ப்பதாக மாமா சொன்னார். பாட்டுக் கேட்டால் கோழிகள் நன்றாக வளருமாம். ஆனால் அங்கே ஒரு சேவல் கூவி நான் கேட்டதில்லை. அதைவிட முக்கியம், கோழி வளர்க்கிற வீட்டில் அத்தை பாசாருக்குப் போய் முட்டை வாங்கி வந்தார். காலையில் மாமா அந்தக் கொட்டகையிலிருந்துதான் துண்டு போட்டு மூடிய கூடையைக் கூடத்துக்குக் கொண்டுவருவார் என்பதையும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமா ஒரு திருடர். பணக்காரர் வீட்டுக் குட்டிகளைத் திருடிவந்து கொட்டகையில் ஒளித்துவைக்கிறார். அவை கத்துவது வெளியே கேட்காமல் இருக்க ரேடியோ. வாங்க வருகிறவர்களை ஏமாற்ற ராணி.

விளங்கிய பிறகு இன்னொரு கேள்வி வந்தது. எனக்குத் தருவதாகச் சொன்ன குட்டியும் திருட்டுக் குட்டிதானே? அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் நிஜ மாத்தா பிரிக்பீல்ட்ஸுக்கு வரும். குட்டியைப் பிடுங்கிக்கொண்டு, கூடவே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகும். பழுப்புக் குட்டிகளில் காதோரம் வெள்ளைத் திட்டுள்ள ஒன்றை நான் ஏற்கெனவே எனக்கென்று மனதில் எடுத்துவைத்திருந்தேன். அது என் விரலைச் சப்பிக்கொண்டே தூங்கும். அதை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டும் என்று சொல்லவும் பயம். அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை அழைத்துப்போக வருவார். அதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும்.

அந்த ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. அத்தை சாப்பாட்டு வாளியோடு கொட்டகைக்குள் இருந்தபோது முன்வாசலில் கார் வந்து நின்றது. "ஏய், வந்து இவங்களுக்குக் குடிக்கச் சிராப் கலக்கு," என்று மாமா குரல் கொடுத்தார். அத்தை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பூட்டைப் பூட்டவில்லை.

நான் உள்ளே போனேன்.

முதலில் கண் எரிந்தது. மூத்திர நெடி. பிறகுதான் கூண்டுகள் தெரிந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தரைக்குப் பலகைகூட இல்லை, வெறும் கம்பி வலை. மேல் கூண்டின் கழிவு கீழ்க் கூண்டில் இருந்ததன் முதுகில் விழுந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நாய். அவையும் பொமரேனியன்கள்தான் என்று நான் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. முடி சிக்குப் பிடித்துத் திட்டுத் திட்டாகக் கொட்டியிருந்தது. ஒன்றுக்கு ஒரு கண் வெள்ளையாக இருந்தது. ஒன்று நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது, என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ரேடியோவில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் கூண்டில் பழுப்பு நாய் ஒன்று இருந்தது. அதன் மடி வீங்கிச் சிவந்து, காம்பிலிருந்து பால் சொட்டிக் கம்பி வழியாகக் கீழே விழுந்தது. அதன் காதோரம் வெள்ளைத் திட்டு.

நான் கொக்கியைத் தூக்கி அதை எடுத்தேன். பாவம் பார்த்து எடுத்ததாகச் சொன்னால் அது பொய். எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. குட்டிகள் இதனிடம் வருகின்றனவா என்று பார்த்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும். தூக்கியபோது அது கனக்கவே இல்லை, காலி டப்பா மாதிரி இருந்தது. வளர்ந்து வளைந்த நகங்கள் என் கவுனில் மாட்டிக்கொண்டன.

மழையில் நனைந்துகொண்டே அடுப்படி வழியாகக் கூடத்துக்குப் போனேன். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த கணவனும் மனைவியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர்கள், படித்த, மரியாதையான முகங்கள். அந்த ஆன்டியின் மடியில் நான் ஆசைப்பட்ட குட்டியின் உடன்பிறப்பு ஒன்று இருந்தது. மாமா தாயின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பழுப்பு நாயைத் தரையில் விட்டேன்.

அதற்கு நடக்கத் தெரியவில்லை. வழவழப்பான சிமெண்டுத் தரையில் நான்கு கால்களும் நான்கு பக்கம் விலகின. வயிற்றால் தேய்த்துக்கொண்டே கூடையை நோக்கி நகர்ந்தது. அதற்குள் கூடை கவிழ்ந்தது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடிவந்து அதன் மடியில் முட்டின. ஆன்டியின் மடியில் இருந்ததும் நழுவிக் குதித்து ஓடியது. ராணி எழுந்து வழக்கம்போல நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

குட்டிகள் சத்தம் போட்டுப் பால் குடித்தன.

"அது ரோட்டுல கெடந்துச்சு அக்கா," என்றார் மாமா. "பாவம்னு எடுத்து வச்சிருக்கேன்."

அந்த அங்கிள் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். ஆன்டி மட்டும் அந்த நாயையே பார்த்தார். அதன் முதுகை, நகத்தை, பால் குடிக்கும் குட்டிகளை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இதோ கண்டுபிடித்துவிட்டார், மாமா மாட்டினார் என்று நினைத்தேன்.

"ஏன் தம்பி," என்று அவர் மெதுவாகக் கேட்டார். "இந்தக் குட்டி வளர்ந்தா இப்பிடி வராதுதானே?"

"சேச்சே. இது நம்ம ராணி குட்டி அக்கா. ராணியைப் பாருங்க."

அவர் நாற்காலிக்கு அடியில் குனிந்து ராணியைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். மாமா அவர் மடியில் முன்பு இருந்த குட்டியைப் பழுப்பு நாயின் மடியிலிருந்து இழுத்து எடுத்தார். அது காம்பை விடவில்லை, கொஞ்சம் வேகமாக இழுக்க வேண்டியிருந்தது. கார் போய்விட்டது.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. குட்டி விற்றுப்போயிற்றே. என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்ன மாத்தா, என்ன கண்டுபிடிச்ச?"

நான் அழுதுவிட்டேன். "இதெல்லாம் திருட்டுக் குட்டியா மாமா?"

அவர் முதலில் திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "திருட்டா? அடிப்பாவி. எல்லாம் நம்ம வீட்டுலயே பொறந்ததுலா. இந்தா, இதுதான் அம்மா. பால் குடிக்கிதுல்ல? போதுமா?"

போதும். எனக்கு அது போதுமாக இருந்தது. மாமா திருடர் இல்லை. அப்பாவைப் போலீஸ் பிடிக்காது. காதோரம் வெள்ளைத் திட்டுள்ளது எனக்கே எனக்கு.

வெளியே மழை விட்டிருந்தது. கார் போன கேட்டை யாரும் சாத்தவில்லை. அத்தை பழுப்பு நாயைக் கொட்டகைக்குக் கொண்டுபோக எடுத்து, அதை முற்றத்துப் புல்லில் வைத்துவிட்டு, மறந்த துண்டை எடுக்க உள்ளே போனார். கேட்டுக்கு அப்பால் ரோடு தெரிந்தது. ஓடுகிறதா பார்ப்போம் என்று நான் வாசற்படியில் நின்றேன். அது புல்லில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தது. பிறகு அப்படியே வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொண்டு, அத்தை வந்து தூக்கும் வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதையும் நான் சாட்சியாகக் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். கிள்ளான் பஸ்ஸில் அட்டைப் பெட்டியை மடியில் வைத்து, வழியெல்லாம் என் விரலைச் சப்பக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா மெத்தையில் சாய்ந்து தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சூடாகப் பூண்டுப் பால் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இம்புட்டுச் சின்னதா இருக்கே. இதோட அம்மா தேடாதா?"

"தேடாதும்மா," என்றேன், எல்லாம் தெரிந்தவளாக. "நான்தான் பாத்தேனே. அதுக்குத் தனியா கூண்டு இருக்கு. பால் கீழ சொட்டிக்கிட்டே இருக்கும், ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும். கேட்டு தொறந்துதான் இருந்துச்சு, அது ஓடவே இல்ல. அதுக்கு அங்க இருக்கத்தான் புடிச்சிருக்கு."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். பெரியம்மா எத்தனை முறை சொல்லியும் அன்றைக்கு அந்தப் பாலை அவர் தொடவில்லை. டம்ளரைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டார்.

பெரியம்மா பூண்டை அதிகமாகப் போட்டுவிட்டாரோ என்றுதான் நான் சந்தேகப்பட்டேன்.