வருஷம் முழுக்கக் காப்பு

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிடும் இடத்தில் இராக்கம்மா அவித்த கடலை விற்றாள். கங்காணியின் பிரம்புக்கு மகன் இரையாகக் கூடாது என்றுதான் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு இறங்கி வந்தாள். வந்த இடத்தில் வேறு பயம் பிடித்துக்கொண்டது. வேலையற்ற இளவட்டங்கள் வண்டிகளிலிருந்து மூட்டை இறக்குவார்கள். சரக்குக்குச் சொந்தக்காரன் சொல்லியும் இறக்குவார்கள், சொல்லாமலும் இறக்குவார்கள். பதினேழு வயது சின்னராசா அவர்களோடுதான் திரிந்தான்.

மாசியில் மட்டும் அவளுக்கு நிம்மதி. காமன் கூத்துக்குக் காப்புக் கட்டிவிட்டால், மஞ்சள் கயிறு கையில் இருக்கும்வரை எவனும் சாராயம் தொடமாட்டான், பிறர் பொருளில் கைவைக்கமாட்டான். காமனென்று நட்ட கம்பத்தை எரித்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள்.

இதைத் துணிக்கடை செல்வநாயகத்திடம் அவளே போய்ச் சொன்னாள். இளைஞர்கள் களவுக்குப் போகாமல் தடுக்க, கடைத்தெருக் கமிட்டிக்கு அரசாங்கம் வரிப்பணம் ஒதுக்கியிருந்தது. அதை எப்படிச் செலவழிப்பது என்று கமிட்டித் தலைவரான அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அப்போ வருஷம் பூரா கட்டிவிடு இராக்கம்மா! தப்பு மேளம், வேஷத்துணி, பொழுதுசாஞ்சா சோறு, எல்லாம் கமிட்டி குடுக்கும்."

கூத்து மாஸ்டர் வீரசிங்கம் அதைக் கேட்டுச் சிரித்தார். "காமனை நடாம காப்பா? அப்புறம் எதை எரிச்சு அவுக்கிறது தங்கச்சி? முதலாளியவா?"

"சோறு போடுறாங்கண்ணே. பயலுக ஒரு இடத்துல உக்காருவானுக."

ஆட்டம் பழக்க ஒப்புக்கொண்டவர், கயிறு கட்ட மட்டும் மறுத்துவிட்டார். ஆடி மாதம் மகன் கையில் இராக்கம்மாவே முடிச்சுப் போட்டாள்.

சின்னராசா ரதி வேஷம் பழகினான். வண்டிப் பக்கம் போவதை அடியோடு விட்டான். மற்றவர்களில் சிலர் சோற்றைத் தின்றுவிட்டு, "இது சர்க்கார் கயிறுடா, சாமி கேக்காது" என்று மூட்டைக்குத் திரும்பினார்கள். ஒருவன் கயிறும் கையுமாகப் பிடிபட்டான். அன்றுமுதல் மஞ்சள் கயிற்றைக் கண்டாலே போலீஸ் பிடித்தது.

இராக்கம்மா கடைக்கு ஓடினாள். "எல்லாத்தையும் அவுக்கச் சொல்லுங்க முதலாளி."

"அவுத்தா, குடுத்த பணம் எங்கேன்னு மேல கேப்பாங்களே. கயித்தைத்தானே நான் காட்டணும்?"

வீரசிங்கத்திடம் போனாள். "இப்பவே ஒரு காமனை நட்டு எரிச்சிருங்கண்ணே."

"மாசி பொறக்காம நட நான் யாரும்மா?"

கடைசியில் மகனிடமே கெஞ்சினாள். "அத்து எறிஞ்சிருடா ராசா."

"காமனை எரிக்காம அவுத்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு நீதானேம்மா சொல்லுவ? அவனுகளுக்குத்தான் அது சர்க்கார் கயிறு. எனக்கு நீ கட்டினது."

அடுத்த சந்தை நாளில் இரண்டு சீலைக்கட்டுகள் காணாமல் போயின. அவளிடம் கடலை வாங்கித் தின்றுகொண்டிருந்த சின்னராசாவின் மணிக்கட்டைத்தான் போலீஸ்காரர் பிடித்தார்.

"ஐயா, காலையில இருந்து இவன் என்கூடத்தான் இருக்கான். அந்தக் கயித்தக் கட்டினது நானுங்க!"

"யார் கட்டினா என்ன? கயிறு இவன் கையிலதானே இருக்கு."

கூடையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். போலீஸ் நிலைய வாசலில் எட்டி மகன் கையைப் பற்றி, முடிச்சில் பல்லை வைத்தாள். அவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம்மா. மாசி வரட்டும்."

அவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.